சாலைக்கு இருபுறமும் இரண்டு அரசுகள்: அமீரகக் கூட்டாட்சியும் இந்தியக் கூட்டாட்சியும்

துபாயின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அல் குசைஸ். அங்கிருந்து சில நிமிடம் வண்டி ஓட்டினால் ஷார்ஜா வந்துவிடும். நடுவில் வேலியும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. ஆனால் சாலையைக் கடந்ததும் காவல்துறை மாறுகிறது. மின்கட்டணச் சீட்டில் வேறு வாரியத்தின் பெயர் வருகிறது. இந்தப் பக்கம் வாடகை ஒப்பந்தத்தைத் துபாய் அரசின் ‘எஜாரி’ பதிவேட்டில் பதிய வேண்டும், அந்தப் பக்கம் ஷார்ஜா நகராட்சியில் பதிய வேண்டும். துபாயில் உரிமம் பெற்ற விடுதிகளில் மது கிடைக்கும். ஷார்ஜாவில் 1985 முதல் தடை. 2022 ஜனவரியில் மத்திய அரசு வார விடுமுறையை மாற்றியபோது வெள்ளிக்கிழமை பாதி நாள் வேலை என்றது. ஷார்ஜா தன் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளும் முழு விடுமுறை அறிவித்தது. மத்திய அரசு அதைத் தடுக்கவில்லை.

துபாயில் வேலை பார்த்துவிட்டு, வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தினமும் இரண்டு அரசுகளுக்குள் போய் வருகின்றன. அவர்களிடம், அல் குசைஸின் தேநீர்க் கடைகளில், ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: “ராஜா ஆட்சிதான் சரி. ஓட்டுப் போட்டு ஊரில் என்ன கண்டோம்?” ஒழுங்கான சாலையையும் நேரத்துக்கு வரும் மெட்ரோவையும் பார்த்துவிட்டுச் சொல்லும் பேச்சு அது. அதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஏழு அமீரகங்கள் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் கூட்டாட்சிகளே. ஒரு கூட்டாட்சியை எடைபோட இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மத்திய அரசு தன் உறுப்புகளுக்கு எவ்வளவு அதிகாரம் விட்டுவைக்கிறது? ஆள்பவர் ஆளப்படுபவருக்கு எவ்வளவு விட்டுவைக்கிறார்? இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டால் விடைகள் எதிரெதிராக வருகின்றன.

பிறந்த விதம்

1968 ஜனவரியில், வளைகுடாவிலிருந்து 1971-க்குள் வெளியேறப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. அடுத்த மாதம் 18-ஆம் தேதி அபுதாபியின் ஷேக் சாயிதும் துபாயின் ஷேக் ராஷிதும் இரு அமீரகங்களின் எல்லைப் பாலைவனத்தில் சந்தித்து, ஒன்றாகச் சேர முடிவெடுத்தார்கள். ஒன்பது ஷேக் நாடுகளின் கூட்டாட்சி என்றுதான் முதலில் பேச்சு. பஹ்ரைனும் கத்தாரும் 1971-இல் தனி நாடுகளாகப் பிரிந்துகொண்டன. அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி ஆறு அமீரகங்கள் சேர்ந்து புதிய நாட்டை அறிவித்தன. ஏழாவதாக ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரி 10-இல் இணைந்தது. மன்னர்கள் உட்கார்ந்து பேசி உருவாக்கிய நாடு இது. ஒவ்வொருவரும் தம் சிம்மாசனத்தையும் நிலத்தையும் வைத்துக்கொண்டு, வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம் போன்றவற்றை மட்டும் பொதுவில் வைத்தார்கள்.

இந்தியா தன் மன்னர்களை வேறு விதமாக நடத்தியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் கரைக்கப்பட்டன. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அரசமைப்பை எழுதியது அரசியல் நிர்ணய சபை. அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு கிடைத்தது. முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை ஒழித்த 26-ஆவது திருத்தம் நிறைவேறியதும் 1971 டிசம்பரில்தான். அரபிக்கடலின் ஒரு கரையில் மன்னர்கள் சேர்ந்து நாட்டை அமைத்த அதே மாதத்தில், மறுகரையில் மன்னர் என்ற தகுதியின் கடைசி அடையாளமும் சட்டத்திலிருந்து நீங்கியது.

மிச்ச அதிகாரம் யாருக்கு?

எந்தக் கூட்டாட்சியிலும் பட்டியலில் எழுதாமல் விட்ட அதிகாரம் யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். அமீரக அரசமைப்பின் 116, 122 பிரிவுகளின்படி, மத்திய அரசுக்கென்று ஒதுக்காத எல்லாம் அமீரகங்களுக்கே. இந்திய அரசமைப்பின் 248-ஆவது பிரிவின்படி, எந்தப் பட்டியலிலும் இல்லாத எல்லாம் நாடாளுமன்றத்துக்கு.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அமீரக அரசமைப்பின் 23-ஆவது பிரிவு, ஓர் அமீரகத்தின் இயற்கை வளம் அந்த அமீரகத்தின் பொதுச்சொத்து என்கிறது. நாட்டின் எண்ணெய் இருப்பில் மிகப் பெரும்பகுதி அபுதாபியின் நிலத்திலும் கடலிலும் கிடப்பதால், அது அபுதாபியின் செல்வம். அங்கிருந்து மத்திய கருவூலத்துக்குப் பணம் போகிறது. தமிழ்நாட்டில், காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கும் திட்டங்களை டெல்லி வகுக்கிறது. ஏலம் விடுவதும் டெல்லிதான். கடலடி வளம் முழுக்க ஒன்றியத்துக்கே உரியது. 2017-இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் தெருவில் அமர்ந்தபோது, அவர்கள் முதலில் சந்தித்த சிக்கல் இதுதான். காலடி மண்ணுக்குக் கீழே இருப்பதை எடுக்கும் திட்டத்தை வகுத்தது சென்னையும் இல்லை, நெடுவாசலும் இல்லை.

கல்வியிலும் இதே நிலைதான். அமீரக அரசமைப்பு கல்வியை மத்தியப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அல் குசைஸில் உள்ள இந்தியப் பள்ளிகளை ஆய்வு செய்து தரம் சொல்வதும், கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று வரையறுப்பதும் துபாய் அரசின் அறிவு, மனிதவள மேம்பாட்டு ஆணையம். ஷார்ஜாவுக்குத் தனியார் கல்விக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. மத்திய அரசுக்குச் சட்டம் கொடுத்ததை நடைமுறை அமீரகங்களின் கைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை, நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆவது திருத்தம் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதன் விளைவை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பார்க்கிறோம். விலக்கு கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். 234 உறுப்பினர் கொண்ட ஒரு சட்டமன்றத்தால், தன் பணத்தில் கட்டிய மருத்துவக் கல்லூரிகளில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய இயலவில்லை.

எல்லை யாருடையது?

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் எல்லைத் தகராறு பழையது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற அது கூர்மையானது. இரு மன்னர்களும் 1976-இல் அதை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார்கள். சர்வதேச நடுவர்கள் ஆவணங்களையும் பழங்குடிகளின் விசுவாசத்தையும் ஆராய்ந்து, 1981 அக்டோபரில் தீர்ப்பளித்தார்கள். ஒரே நாட்டின் இரண்டு உறுப்புகள், இரண்டு நாடுகளைப் போல வழக்காடின.

இந்தியாவில் எந்த மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். அரசமைப்பின் மூன்றாவது பிரிவின்படி அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். அது சம்மதிக்க வேண்டியதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்ட பிறகும் 2014-இல் தெலங்கானா பிறந்தது. 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக ஆனபோது கருத்துக் கேட்க அங்கே சட்டமன்றமே இல்லை. ஆனால் இதே நெகிழ்வுதான் மொழிவழி மாநிலங்களையும் தந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்ததும், 1960-இல் திருத்தணி வந்ததும் இந்த வழியில்தான். தெற்கில் மார்ஷல் நேசமணியும் வடக்கில் ம.பொ.சி.யும் மக்களைத் திரட்டிப் போராடியதால் கோடு மாறியது. அமீரகத்தின் எல்லையில் பேசியது மன்னர்களின் உரிமை. தமிழகத்தின் எல்லையில் பேசியது மக்களின் மொழி.

முடிவெடுக்கும் மேசை

அமீரகத்தின் உச்ச அதிகாரம் ஏழு மன்னர்களும் அமரும் கூட்டாட்சி உச்ச மன்றத்திடம் உள்ளது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. முக்கியமான முடிவுகளுக்கு ஐந்து வாக்குகள் வேண்டும். அந்த ஐந்தில் அபுதாபியும் துபாயும் கட்டாயம் இருக்க வேண்டும். அதாவது இந்த இருவரில் எவர் மறுத்தாலும் முடிவு நிறைவேறாது. இந்தியாவின் சரக்கு, சேவை வரி மன்றத்தின் கணக்கும் இதை ஒத்தது. ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் ஒன்றியம் மறுத்தால் எதுவும் நடக்காது. அமீரகத்தில் மறுக்கும் உரிமை இரண்டு உறுப்புகளிடம் இருக்கிறது. இந்திய வரி மன்றத்தில் அது மத்திய அரசிடம் இருக்கிறது.

உச்ச மன்றத்துக்குக் கீழே 40 உறுப்பினர் கொண்ட கூட்டாட்சித் தேசிய மன்றம் உள்ளது. அபுதாபிக்கும் துபாய்க்கும் எட்டெட்டு இடம். ஷார்ஜாவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் ஆறாறு. அஜ்மான், உம் அல் குவைன், ஃபுஜைராவுக்கு நான்கு நான்கு. 2006 வரை எல்லாரும் நியமனம். அந்த ஆண்டு முதல் பாதிப் பேரை ஒரு வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கிறது. முதல் தேர்தலில் அக்குழுவில் 7,000 பேருக்கும் குறைவு. 2023-இல் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 2019 முதல் இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்பது இந்திய நாடாளுமன்றம் இன்னும் எட்டாத நிலை. ஆனால் அந்த மன்றம் ஆலோசனைதான் சொல்லலாம். சட்டத்தின் கடைசிச் சொல் மன்னர்களுடையது. கட்சிகளுக்கு இடமில்லை. 2011 மார்ச்சில், முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, சட்டமியற்றும் அதிகாரம் கொண்ட மன்றம் வேண்டும் என்று 133 குடிமக்கள் மனுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் சிலர் பின்னர் சிறை சென்றார்கள்.

தலையிடும் கை

1987 ஜூனில் ஷார்ஜா மன்னர் ஷேக் சுல்தான் இங்கிலாந்தில் இருந்தபோது, அவருடைய அண்ணன் ஷேக் அப்துல் அசீஸ் ஆட்சியைக் கைப்பற்றினார். உச்ச மன்றம் கூடியது. சில நாள் பேச்சுக்குப் பின் சுல்தானையே மீண்டும் அமர்த்தி, அண்ணனுக்குப் பட்டத்து இளவரசர் தகுதி கொடுத்துச் சமாதானம் செய்தது. உறுப்பு அரசின் தலைவரைக் காப்பாற்றக் கூட்டாட்சி தலையிட்ட கதை இது.

தமிழ்நாட்டில் கதை வேறு. 356-ஆவது பிரிவைக் கொண்டு 1976 ஜனவரி 31-இல் மு. கருணாநிதியின் ஆட்சியும், 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆரின் ஆட்சியும், 1988-இல் ஜானகி அம்மையாரின் ஆட்சியும், 1991-இல் மறுபடியும் கருணாநிதியின் ஆட்சியும் கலைக்கப்பட்டன. உச்ச மன்றம் ஒரு மன்னரின் நாற்காலிக்குக் கொடுத்த மரியாதையை, டெல்லி கோடிக்கணக்கானவர் வாக்களித்த சட்டமன்றத்துக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இந்தியக் கதை அங்கே முடியவில்லை. கலைக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 1980-இல், எம்.ஜி.ஆரை மக்கள் மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆட்சிக் கலைப்பை நீதிமன்றப் பரிசீலனைக்குள் கொண்டுவந்தது. 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழுவும், 1974-இன் மாநில சுயாட்சித் தீர்மானமும், 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைத்த குழுவும் மாநிலங்களின் உரிமையை விடாமல் கேட்டுவருகின்றன. தவறு செய்யும் அரசைத் திருத்தும் வழி அமைப்புக்கு உள்ளேயே இருக்கிறது. 1987-இன் ஷார்ஜாவில் யார் ஆள வேண்டும் என்று ஷார்ஜா மக்களை எவரும் கேட்கவில்லை.

வெள்ளம் வந்தபோது

ஆட்சிமுறையின் தரம் பேரிடரில் தெரியும். 2024 ஏப்ரல் 16-இல் அமீரகத்தில் கொட்டிய மழை, 1949 முதல் உள்ள பதிவுகளில் இல்லாத அளவு. ஷார்ஜாவின் அல் மஜாஸ், அல் காசிமியா பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. அடுத்த வாரமே மத்திய அமைச்சரவை, குடிமக்களின் வீடுகளைச் சீரமைக்க 200 கோடி திர்ஹம் ஒதுக்கியது. ஜூன் மாதத்தில் துபாய், 2033-க்குள் முடிக்க வேண்டிய 3,000 கோடி திர்ஹம் மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்தது. இரண்டே மாதத்தில் இவ்வளவு பெரிய முடிவு என்பது மெச்ச வேண்டியது. தேநீர்க் கடைப் பேச்சில் உண்மை இருக்கும் இடம் இது.

சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதம் பற்றிக் கேள்வி எழுந்தது. மத்தியத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, அரசின் குறைகளைப் பட்டியலிட்டது. 2021-இல் வெள்ளத் தடுப்புக்கான திருப்புகழ் குழு அமைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நகரம் மீண்டும் தவித்தது. எட்டு ஆண்டில் தீராத சிக்கல் என்று வெறுப்பு வருவது நியாயம். ஆனாலும் ஏரியை யார், எப்போது திறந்தார்கள் என்று கேட்க ஒரு தணிக்கையாளர் இருந்தார், எதிர்க்கட்சி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது. மிக்ஜாமுக்குப் பின் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடை வழியே கொடுத்த 6,000 ரூபாய், போதாது என்று உரக்கச் சொல்லும் உரிமையோடு சேர்ந்து வந்தது. அல் மஜாஸில் தரைத்தள வீட்டில் குடியிருந்த தமிழருக்கு அந்த 200 கோடியில் பங்கில்லை. ஏன் இல்லை என்று கேட்கும் மன்றமும் இல்லை. மன்னர் நல்லவராகவும் வல்லவராகவும் இருக்கும்வரை வேகம் வரமாகிறது. அவர் தவறினால் திருத்த என்ன வழி என்பதற்கு அந்த அமைப்பில் பதில் இல்லை.

அரபு மண்ணுக்கு வாக்கு பொருந்தாது என்பாரும் உண்டு. பக்கத்திலுள்ள குவைத் 1962-லேயே அரசமைப்பு எழுதி, 50 உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் மன்றத்தை அமைத்தது. அந்த மன்றம் அமைச்சர்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டது. ஆனால் மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் அமீரிடம் இருந்ததால் அது பலமுறை கலைக்கப்பட்டது. 2024 மே 10-இல் நான்கு ஆண்டு வரை அதை முடக்கிவைக்கும் அறிவிப்பும் வந்தது. வாக்கு அங்கே வேர் பிடித்தது. அதைக் காக்கும் சட்டம் வலுவாக இல்லாததால் ஓர் அறிவிப்பில் முடங்கியது.

தீர்ப்பு

அதிகாரத்தை உறுப்புகளுக்குப் பங்கிடுவதில் அமீரகம் இந்தியாவைவிட முன்னால் நிற்கிறது. வளம், நிலம், காவல், வாழ்க்கைமுறை ஆகியவற்றில் ஓர் அமீரகத்தின் தன்னாட்சியில் பாதி தமிழ்நாட்டுக்கு இருந்தால் நீட் சிக்கலும் நிதிப் பகிர்வுச் சண்டையும் இருந்திருக்காது. மாநில சுயாட்சி கேட்டால் நாடு உடைந்துவிடும் என்று அஞ்சுவோர், ஐம்பது ஆண்டுக்கு மேலாக உடையாமல் நிற்கும் இந்தக் கூட்டாட்சியைப் பார்க்க வேண்டும். ஆனால் அமீரகத்தில் பங்கிடப்பட்ட அதிகாரம் ஏழு அரண்மனைகளோடு நின்றுவிட்டது. இந்தியாவில் அது வாக்குச்சாவடி வரை இறங்கியது. நெடுவாசலில் எண்ணெய் எடுக்கும் முடிவு டெல்லியுடையதாக இருந்தும் திட்டம் அங்கே நடக்கவில்லை. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது. மக்களின் எதிர்ப்பை ஓட்டுக் கேட்டு வர வேண்டிய கட்சிகள் புறக்கணிக்க முடியவில்லை. தன்னாட்சி, வாக்கு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வாக்கைத்தான் வைத்துக்கொள்வேன். வாக்கு இருந்தால் மாநில உரிமையை வாதாடிப் பெறலாம். மன்னரின் தன்னாட்சியிலிருந்து மக்களின் வாக்கைப் பெறும் வழியை நான் இங்கே காணவில்லை.

ஆகவே ‘ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்’ என்று சொல்லும் அல் குசைஸ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமீரகத்தில் நமக்கு வாக்கில்லை. விருந்தினராக அதை ஏற்றுத்தான் வந்தோம். ஆனால் ஊரில் இருக்கிறது. 2010-இன் சட்டத் திருத்தம் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிறது. 6ஏ படிவம் நிரப்பினால் போதும். ஆனால் வாக்களிக்க நேரில் வந்து நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் உலகெங்கும் பதிந்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வாக்களித்தவர்கள் 2,958 பேர் மட்டுமே. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். அமீரகத்தில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். பதிலாள் வழியே வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. மின்னணு அஞ்சல் வாக்குக்குத் தயார் என்று தேர்தல் ஆணையம் 2020-இலேயே அரசுக்கு எழுதியது. படைவீரர்களுக்கும் தூதரக ஊழியர்களுக்கும் இருக்கும் அந்த வசதியைத் தொழிலாளர்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கேட்பதற்கு முன்னால் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும். இந்த வாரமே 6ஏ படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.